முழுத் தேங்காய் ஆகும்வரை விமானம் புறப்படாது

ஒரு விமானத்தை ஐம்பது நிமிடம் தரையிலேயே நிறுத்தி வைத்தவன் நான். மழை, மூடுபனி, எஞ்சின் கோளாறு என்று விமானங்கள் தாமதமாவதற்கு மரியாதையான காரணங்கள் எத்தனையோ உண்டு. அந்த விமானம் தாமதமானது ஒரு தேங்காயால். தேங்காயைக் கொண்டு வந்தவனும் நான், உடைத்தவனும் நான். இன்னொன்றையும் இப்போதே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பின்னால் வேறு யாராவது சொல்லி நீங்கள் தெரிந்துகொள்வதைவிட அது கொஞ்சம் கௌரவம். கோலாலம்பூருக்குப் பக்கத்தில், ரவாங்கில் ஒரு தொழிற்சாலையில் எனக்கு வேலை. என்ன வேலை என்றால், பாதுகாப்பு அதிகாரி.

'தரையில் எந்தப் பொருளும் கிடக்கக் கூடாது' என்று மூன்று மொழிகளில் நோட்டீஸ் ஒட்டுவது என் வேலையில் பாதி. (மீதிப் பாதி, அந்த நோட்டீஸே தரையில் விழுந்து கிடந்தால் யார் பொறுப்பு என்று விசாரிப்பது.) நான்கு வருடங்களுக்கு முன்னால், முப்பத்து நான்கு வயதில், அந்த வேலையை நான் எவ்வளவு பெரிதாக நினைத்திருந்தேன் என்றால், அக்கா வீட்டுக்குப் போனால்கூட வாசலில் கிடக்கும் செருப்புகளை வரிசையாக அடுக்கிவிட்டுத்தான் உள்ளே போவேன்.

அந்தச் செருப்பிலிருந்துதான் கதை தொடங்குகிறது. என் அக்கா சரோஜா சபாக் பக்கத்தில், நாங்கள் வளர்ந்த அதே செம்பனை எஸ்டேட்டில், எண்ணெய்ப் பனைகளுக்கு நடுவில் இருக்கிறாள். மாமா அங்கேயே பழக்குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறார். அக்கா பதினைந்து வருடம் குனிந்து குனிந்து உதிரிப் பழம் பொறுக்கியவள். முதுகு முதலில் வலித்தது, பிறகு குத்தியது, பிறகு இடது கால் மரத்துப் போக ஆரம்பித்தது. ஒரு நாள் கடைக்குப் போய்விட்டு வீட்டுக்கு வந்தாள். வலது காலில் செருப்பு இருந்தது, இடது காலில் இல்லை. எங்கே விட்டாய் என்று கேட்டபோதுதான் அவளே காலைக் குனிந்து பார்த்தாள். செருப்பு கழன்று விழுந்தது அவளுக்குத் தெரியவே இல்லை.

கோலாலம்பூர் டாக்டர் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். நரம்பு நசுங்கியிருக்கிறது, சீக்கிரம் ஆபரேஷன் செய்யாவிட்டால் காலில் போன உணர்ச்சி திரும்பி வராது என்றார். அந்த ஆபரேஷனில் கைதேர்ந்த டாக்டர் கிளந்தானில் இருக்கிறார் என்று ஒரு கடிதமும் எழுதிக் கொடுத்தார். சபாக்கிலிருந்து அந்த ஆஸ்பத்திரி இருக்கும் கோத்தா பாரு, மலைத்தொடரைத் தாண்டி, காரில் ஒன்பது மணி நேரம். அக்காவால் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் உட்கார முடியாது. படுக்க வைத்தால் ஒவ்வொரு குலுக்கலும் முதுகில் இறங்கும்.

முதல் தடவை வேனில் மெத்தை போட்டுக் கிளம்பினோம். பெந்தோங் வருவதற்குள் அக்கா துண்டைப் பல்லில் கடித்துக்கொண்டிருந்தாள். சத்தம் போட்டால் மாமா பயந்துவிடுவாராம். வண்டியைத் திருப்பினோம். இரண்டாவது தடவை பாதியில் ஒரு ராத்திரி தங்கிப் போகலாம் என்று புத்திசாலித்தனமாகத் திட்டம் போட்டேன். காலையில் அவளால் கட்டிலை விட்டு எழுந்திருக்கவே முடியவில்லை. பெரிய விமானத்தில் போகலாம் என்றால், விமான நிலையத்துக்கே இரண்டு மணி நேரம், அங்கே காத்திருக்க இரண்டு மணி நேரம். மூன்றாவது தேதி கொடுத்தபோது ஆஸ்பத்திரியிலிருந்து போனில் பேசிய நர்ஸம்மா அக்காவிடம் நல்லவிதமாகவே சொன்னாள், "இந்தத் தடவையும் வரலன்னா மறுபடியும் வரிசையில கடைசிதான் அக்கா." கடைசி என்றால் எட்டு மாதம். காலுக்கு எட்டு மாதம் கிடையாது.

ரவாங்கிலிருந்து அக்கா வீட்டுக்குப் போகும் வழியில் கோலா சிலாங்கூரில் ஜலீல் பாய் கடையில் எப்போதும் வண்டியை நிறுத்துவேன். அவருடைய அத்தா இராமநாதபுரம் கடற்கரையிலிருந்து வந்து வைத்த சாப்பாட்டுக் கடை. பாய்க்கு ஐம்பது வயதிருக்கும். தோளில் எப்போதும் ஒரு கட்டம்போட்ட துண்டு. அன்றைக்கு ரொட்டி சானாய் ஆறிப்போக, நான் மாமாவிடம் போனில் புலம்பிக்கொண்டிருந்தேன். பேசி முடித்ததும் பாய் மேசையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"உங்க அக்கா எத்தன கிலோ இருப்பாங்க தம்பி?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. நோயாளி என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன், இந்த மனிதர் எடை கேட்கிறார்.

"தப்பா நெனக்காதீங்கலா. ஏரோப்ளேன்ல ஏத்தணும்னா எடை தெரியணும், அதான்."

"எந்த ஏரோப்ளேன் பாய்?"

"நம்மளோடதுதான்."

சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. போனை எடுத்துக் காட்டினார். ஒரு குட்டி விமானம், வெள்ளையில் நீலக் கோடு, உள்ளே காதில் பெரிய கருவியை மாட்டிக்கொண்டு அதே ஜலீல் பாய், தோளில் அதே துண்டு. அவரும் நண்பர்கள் நான்கு பேரும் லைசென்ஸ் எடுத்து, சேர்ந்து ஒரு பழைய விமானம் வாங்கி வைத்திருக்கிறார்கள். ஒருவர் பல் டாக்டர், ஒருவர் ஓய்வுபெற்ற வாத்தியார். வார விடுமுறையில், தூரத்து ஆஸ்பத்திரிக்குப் போக முடியாத நோயாளிகளை ஏற்றிக்கொண்டுபோய் இறக்கிவிட்டு வருகிறார்கள். யாரிடமும் எதுவும் வாங்குவதில்லை.

பத்து வருடமாக இந்த மனிதரிடம் "பாய், குழம்பு இன்னும் கொஞ்சம்" என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். அவர் வானத்தில் போய்விட்டு வந்து எனக்குக் குழம்பு ஊற்றியிருக்கிறார். எனக்கு உட்கார்ந்திருக்கவே கூச்சமாகிவிட்டது. எழுந்து நின்றேன். "ஏன் எந்திரிச்சிட்டீங்க, ரொட்டி வேணாமா?" என்றார்.

"கிளந்தான் ஒன்ற மணி நேரம்தான் தம்பி. ஆனா காலையில கெளம்பணும். வெயில் ஏற ஏற மலை மேல மேகம் குமிஞ்சிரும். எட்டரைக்கு மேல நான் கெளம்ப மாட்டேன். யாரு சொன்னாலும் கெளம்ப மாட்டேன்." முதல் தடவையாக அவர் குரலில் வேறு ஒரு ஆளைக் கேட்டேன்.

கிளந்தானில் வெள்ளியும் சனியும்தான் விடுமுறை, அதனால் அக்காவுக்குக் கொடுத்த தேதி ஒரு ஞாயிற்றுக்கிழமை. பாய்க்கும் அன்றுதான் தோதுப்பட்டது. எஸ்டேட்டின் மேற்கு ஓரத்தில் ஒரு தார் ஓடுபாதை இருக்கிறது. முன்பு மருந்து தெளிக்கும் விமானங்கள் வந்து இறங்கிய இடம். இப்போது அந்த வேலையை டிரோன் செய்கிறது, ஓடுபாதையில் சாயங்காலம் பிள்ளைகள் பந்தாடுகிறார்கள். அங்கே இறங்குவதற்குப் பாய் மேனேஜரிடமும் மேலிடத்திலும் அனுமதி வாங்கிவிட்டார். என்னுடைய எடையையும் கேட்டார். எழுபத்தைந்து என்றேன். (எழுபத்தைந்தாகத்தான் இருந்தேன், கல்யாணத்தன்று.)

ஞாயிற்றுக்கிழமை எல்லாருக்கும் லீவு. ஆகவே விமானம் வந்து இறங்கும்போது எஸ்டேட்டே ஓடுபாதை ஓரத்தில் நின்றது. முதலில் ஒரு வண்டு மாதிரி சத்தம் கேட்டது. பிறகு செம்பனை உச்சிகளுக்கு மேலே ஒரு வெள்ளைப் புள்ளி தெரிந்து, விமானமாகி, இறக்கையை ஒரு பக்கம் சாய்த்துத் திரும்பி, பந்தாடும் தாரில் வந்து பூப்போல உட்கார்ந்தது. யாரும் கை தட்டவில்லை. கை தட்டத் தோன்றவில்லை. பெண்கள் இரண்டு பேர் கையெடுத்துக் கும்பிட்டார்கள். நானும் கும்பிட்டேன் என்பதை அப்புறம்தான் கவனித்தேன்.

கதவைத் திறந்துகொண்டு துண்டோடு பாய் இறங்கினார். "எல்லாரும் பசியாறிட்டீங்களா?" என்றார்.

அக்காவை மாமா சாய்வு நாற்காலியோடு லோரியில் கொண்டுவந்து ஓடுபாதை ஓரத்தில் இறக்கியிருந்தார். பாய் அவள் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, "தங்கச்சி, முன் சீட்ட பின்னால தள்ளி நல்லா சாய்ச்சு வெச்சிருக்கேன். வலிச்சா சொல்லுங்க, அழுவுறதுன்னாலும் அழுவுங்க, மேல யாருக்கும் கேக்காது" என்றார். அக்கா தலையை மட்டும் ஆட்டினாள். அவள் பயம் விமானத்தைப் பற்றியது இல்லை. மூன்றாவது தடவையும் பாதியில் திரும்பிவிடுவோமோ என்பதுதான். விடிந்ததிலிருந்து அவள் ஒரு வார்த்தை பேசவில்லை.

அடுத்து எடை. பழக்குலை நிறுக்கும் தராசை எஸ்டேட்டில் கணக்கு எழுதும் கிராணி அந்தோணி ஐயா ஏற்கனவே கொண்டுவந்து வைத்திருந்தார். நான் ஏறினேன். முள் எழுபத்தைந்தைக் கண்டுகொள்ளாமல் தாண்டிப்போய் எண்பத்தெட்டில் நின்றது. கூட்டத்தில் யாரோ "பெரிய பழக்கொலைதான்" என்றார்கள். என் காது சூடானது.

"பரவால்ல. எல்லாரும் சொல்ற எடைக்கு மேல பத்து கிலோ போட்டுத்தான் நான் கணக்குப் பண்ணுவேன்" என்றார் பாய். என் முதுகுக்குப் பின்னால் பார்த்தார். "மூணு கிலோதான் ஒதைக்குது. அந்தப் பைய மட்டும் வெச்சிட்டு வாங்க."

அந்தப் பையில் அதிரசமும் முறுக்கும் எலுமிச்சைச் சாதமும் இருந்தன. கிளந்தானில் மனிதர்கள் சாப்பிடுவதில்லை என்பது போல எஸ்டேட் பெண்கள் விடிகாலையில் எழுந்து கட்டிக் கொடுத்தது. கூட்டத்திலேயே பிரித்துக் கொடுத்துவிட்டோம்.

இதுவரை நடந்தது சின்ன அவமானம். ரவாங்குக்குப் போனால் மறந்துவிடக்கூடியது.

பாய் போனை எடுத்துக்கொண்டு விமானத்தின் வால் பக்கம் போனார். கிளந்தான் பக்கத்து வானிலையை யாரிடமோ மலாயில் கேட்டுக்கொண்டிருந்தார். அந்த இரண்டு நிமிடத்தில்தான் என் மூளை வேலை செய்தது. நம் வீட்டில் சைக்கிள் வாங்கினால்கூடத் தேங்காய் உடைக்காமல் எடுத்ததில்லை. லோரிக்கு உடைத்திருக்கிறோம், மோட்டாருக்கு உடைத்திருக்கிறோம். அக்காவின் கால் இதில்தான் இருக்கிறது, இதற்கு உடைக்காமல் இருப்பதா? நல்ல முற்றிய தேங்காயாக ஒன்றை ரவாங்கிலிருந்தே கொண்டு வந்திருந்தேன். சூடத்தை ஏற்றி, விமானத்தின் மூக்குக்கு முன்னால் மூன்று சுற்றுச் சுற்றினேன்.

"மாப்ள, பாய்கிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு..." என்று மாமா இழுத்தார்.

"நல்ல காரியத்துக்கு எதுக்கு மாமா கேக்கணும்?" என்று சொல்லிவிட்டு, எண்பத்தெட்டு கிலோவையும் ஒன்றுசேர்த்து அந்தத் தேங்காயைத் தாரில் ஓங்கி அடித்தேன்.

என் வாழ்க்கையில் அவ்வளவு நன்றாக ஒரு தேங்காய் உடைந்ததே இல்லை. சிதறியது என்றால் அப்படிச் சிதறியது. முன் சக்கரத்துக்கடியில், இறக்கைக்குக் கீழே, ஓடுபாதை நெடுகிலும் வெள்ளை வெள்ளையாகத் தெறித்தது. பெண்கள் குலவை போட்டார்கள். நான் இடுப்பில் கை வைத்துத் திருப்தியோடு நின்றேன்.

குலவைச் சத்தம் கேட்டுப் பாய் வாலிலிருந்து ஓடி வந்தார். தரையைப் பார்த்தார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

"தேங்கா ஒடச்சது தப்பில்ல தம்பி," என்றார் மெதுவாக. "எடம்தான் தப்பு. மூக்குல இருக்குற இந்த விசிறி சுத்த ஆரம்பிச்சா கீழ கெடக்குற சில்ல இழுத்து எடுக்கும். ஒரு சில்லு பட்டா போதும், விசிறியோட எறக்கை ஒடஞ்சிரும். ஓடுற வேகத்துல டயர்ல ஏறினாலும் அப்படித்தான். நம்ம போறது மலைக்கு மேல."

பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஏழு நாற்பது.

"ஒன்னு விடாம பொறுக்கணும். பொறுக்கி ஒட்டிப் பாக்கணும். முழுத் தேங்கா ஆனாத்தான் நான் எஞ்சின் போடுவேன்."

தரையில் எந்தப் பொருளும் கிடக்கக் கூடாது. மூன்று மொழிகளில் நான் எழுதிய வாசகம், என் கண் முன்னாலேயே பல்லிளித்தது. தொழிற்சாலையில் ஒருவன் ஒரு திருகாணியைக் கீழே போட்டால் அரை மணி நேரம் பாடம் நடத்துகிறவன் நான். அக்காவைத் திரும்பிப் பார்த்தேன். சாய்வு நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். அவள் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. என்னை நானே அறைந்துகொள்ள வேண்டும் போலிருந்தது.

கிராணி அந்தோணி ஐயாதான் நிலைமையைக் கையில் எடுத்தார். முப்பது வருடம் காலைப் பெரட்டில் ஆள் எண்ணி வேலைக்கு அனுப்பிய குரல் அது. "எல்லாரும் வரிசையில நில்லு! ஒரு கை எடம் விட்டு நில்லு! அவனவன் காலுக்கு முன்னால இருக்குற தரை அவனவன் பொறுப்பு!" எண்பது பேர் ஓடுபாதையின் குறுக்கே அணிவகுத்தார்கள். ஞாயிற்றுக்கிழமைச் சட்டை போட்டவர்கள், மல்லிகைப்பூ வைத்தவர்கள், அதிரசத்தை வாயில் அடக்கிக்கொண்டவர்கள். எல்லாரும் குனிந்து, ஒவ்வொரு அடியாக நடந்தார்கள். வாழ்நாள் முழுக்க உதிரிப் பழம் பொறுக்கிய கண்கள் அவை. கடுகு அளவு சில்லைக்கூட விடவில்லை. யாரும் என்னைத் திட்டவில்லை. அக்காவுக்காக அப்படிக் குனிந்து நடந்தார்கள். அவர்களில் பாதிப் பேருக்கும் முதுகுவலி உண்டு.

ஆனால் நான் பாதுகாப்பு அதிகாரி அல்லவா? சும்மா இருக்க முடியுமா? வரிசைக்கு முன்னால் போய் நின்று, "சின்னத் துண்டுன்னு அலட்சியம் வேணாம்! கவனம்தான் முக்கியம்!" என்று குரல் கொடுத்தேன். கிராணி என்னை ஒரு பார்வை பார்த்தார். "நீயும் குனிடா," என்றார்.

பாய் தன் துண்டைத் தரையில் விரித்து, வந்து சேர்ந்த சில்லுகளை ஒட்டிக்கொண்டிருந்தார். மாமா பக்கத்தில் உட்கார்ந்து பொருத்தப் பொருத்த, லோரியிலிருந்து எடுத்த ரப்பர் வளையங்களைப் போட்டு இறுக்கினார்கள். உடைத்த தேங்காய் மறுபடியும் உருண்டையாவதை நான் அன்றுதான் பார்த்தேன். எட்டு மணிக்கு அரை உருண்டை. எட்டு பத்துக்கு முக்கால். எட்டு பதினைந்துக்கு முழு உருண்டை, ஒரே ஒரு ஓட்டை தவிர. இரண்டு விரல் அகலம், மூன்று விரல் நீளம்.

"ஒன்னு கொறையுது," என்றார் பாய். கிழக்கே பார்த்தார். மலை உச்சியில் பஞ்சு மாதிரி ஒரு மேகம் உட்கார ஆரம்பித்திருந்தது.

வரிசை திரும்பவும் நடந்தது. சக்கரத்துக்கடியில் படுத்துப் பார்த்தார்கள். புல்லை விலக்கிப் பார்த்தார்கள். எட்டு இருபது. மணி பார்க்கலாம் என்று போனை எடுக்கக் கால்சட்டைப் பைக்குள் கை விட்டேன். விரலில் ஏதோ ஈரமாகத் தட்டுப்பட்டது.

இங்கே ஒன்றை விளக்கியாக வேண்டும். கோயிலில் சிதறு தேங்காய் போட்டால் பொறுக்குவது நம் பிள்ளைகளின் பிறவி உரிமை. தைப்பூசத்தில் ரதம் வரும்போது நூற்றுக்கணக்கில் உடைப்பார்கள். நான் சின்ன வயதில் எஸ்டேட்டிலேயே பேர் போன பொறுக்கி. சத்தம் கேட்டவுடன் கை தன்பாட்டுக்குப் போகும், பருப்பு கனத்த நல்ல சில்லாகப் பார்த்து எடுக்கும், பைக்குள் போடும். மூளையிடம் அனுமதி கேட்காது. அன்றைக்கும் கேட்கவில்லை. குலவைக்கும் நான் இடுப்பில் கை வைத்து நின்றதற்கும் நடுவில், இருப்பதிலேயே நல்ல சில்லை என் கை எடுத்துவிட்டிருந்தது.

எண்பது பேர் தேடிக்கொண்டிருப்பது என் கால்சட்டைக்குள் இருக்கிறது.

உடனே கையைத் தூக்கிச் சொல்லியிருக்க வேண்டும். ஒரு மனிதன் அதைத்தான் செய்திருப்பான். நான் என்ன செய்தேன் என்றால், யோசித்தேன். மெதுவாக ஓடுபாதை ஓரத்துக்கு நகர்ந்து, புல்லில் சில்லை நழுவவிட்டு, பத்து எண்ணிவிட்டு, "கெடச்சிருச்சு!" என்று நானே கத்திவிட்டால் என்ன? அவமானமும் இல்லை, கண்டுபிடித்த பெருமையும் கிடைக்கும். இதை இன்றைக்கு எழுதும்போதும் கை கூசுகிறது.

நகர்ந்தேன். யாரும் பார்க்கவில்லை. எல்லாரும் குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பையிலிருந்து சில்லை எடுத்தேன். விரலைத் தளர்த்தினேன்.

"தம்பி. கீழ போடாத. கையில குடு."

அக்காவின் குரல். அன்று காலை அவள் பேசிய முதல் வார்த்தைகள். அந்த ஓடுபாதையில் குனிய முடியாத ஒரே ஆள் அவள்தான். ஆகவே நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்த ஒரே ஆளும் அவள்தான். என் கை பைக்குள் போனதிலிருந்து, நான் திருட்டுப்பூனை மாதிரிப் புல்லோரம் நகர்ந்தது வரைக்கும் முழுசாகப் பார்த்திருக்கிறாள்.

எண்பது தலைகள் நிமிர்ந்தன. என் கையில் சில்லு. அதன் ஓரத்தில் போன் உறையின் கறுப்புப் பொடி ஒட்டியிருந்தது.

"தைப்பூசத்துலதான் இப்படிப் பொறுக்குவான்னு நெனச்சேன்," என்றாள் அக்கா. "ஏரோப்ளேனுக்கு ஒடச்சதையுமாடா?" சொல்லிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்தால் முதுகு வலிக்கும். வலித்ததும் "ஐயோ அம்மா" என்றாள், மறுபடியும் சிரித்தாள். "சிரிக்க வெக்காதடா பாவி, குத்துதுடா." கண்ணிலிருந்து முன்பு வந்த தண்ணீரோடு இந்தத் தண்ணீரும் சேர்ந்துகொண்டது. அவள் சிரித்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. மாமா முதலில் அவளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார், பிறகு அவரும் தொடங்கினார். அப்புறம் எஸ்டேட்டே சிரித்தது.

பாய் மட்டும் சிரிக்கவில்லை. கையை நீட்டினார். சில்லை வாங்கி, துண்டில் துடைத்து, ஓட்டையில் வைத்து அமுக்கினார். டக் என்று பொருந்தியது. தேங்காயை ஒரு முறை உருட்டிப் பார்த்தார்.

"முழுசாச்சு. ஏறுங்க."

எட்டு இருபத்தெட்டுக்கு எஞ்சின் உறுமியது. மாமாவுக்கு இடமில்லை. கதவு மூடும்வரை அக்காவின் இடது பாதத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார். அவர் பிடித்திருப்பது அவளுக்குத் தெரிந்திருக்காது. தெரிந்தவள் போல அவரைப் பார்த்துத் தலையசைத்தாள்.

பறப்பதைப் பற்றி எனக்கு எழுதத் தெரியவில்லை. பெரிய விமானத்தில் போயிருக்கிறேன், அது பஸ்ஸில் போவது போலத்தான். இது வேறு. செம்பனை மரங்கள் ஓடி வந்தன, இடிக்கப் போகிறோம் என்று நான் காலைத் தூக்கிக்கொண்டேன், மரங்கள் கீழே இறங்கிப் போய்விட்டன. ஓடுபாதையில் எண்பது பேரும் இரண்டு கைகளையும் தூக்கி நின்றார்கள். அவர்கள் எல்லாரும் சேர்ந்து ஒரு சிறங்கை அளவுக்கு ஆனார்கள். பிறகு தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்துக் கூரைகள், அக்கா பதினைந்து வருடம் குனிந்து நடந்த மரவரிசைகள், அப்பால் வாய்க்கால் கோடு போட்ட நெல்வயல், அதற்கும் அப்பால் கடல். நான் வளர்ந்த உலகம் முழுக்க ஒரே பார்வையில் அடங்கிவிட்டது. எனக்கு அழுகை வந்தது. என் காதுக் கருவியின் மைக் திறந்திருந்தது எனக்குத் தெரியாது.

"யாரு மூக்க உறிஞ்சுறது?" என்றார் பாய்.

"தம்பிதான்," என்றாள் அக்கா.

மலை வந்தபோது நான் கண்ணை மூடிக்கொண்டேன். அக்கா மூடவில்லை. சாய்ந்து படுத்தபடி, மேகத்துக்கும் காட்டுக்கும் நடுவில் இருந்த சந்தில் நாங்கள் நுழைவதைப் பார்த்துக்கொண்டே வந்தாள். கீழே முடிவில்லாத பச்சை. இரண்டு தடவை நாங்கள் தோற்றுத் திரும்பிய ரோடு அதற்குள் எங்கேயோ இருந்தது. "பாய், அந்த ரோடு எங்க இருக்கு?" என்று கேட்டாள். அவர் இறக்கையைக் கொஞ்சம் சாய்த்து ஒரு மெல்லிய கோட்டைக் காட்டினார். அவள் அது மறையும்வரை பார்த்தாள். கை மட்டும் பின்பக்கமாக வந்து என் முழங்காலைத் தட்டியது.

ஏன் பாய் இதையெல்லாம் செய்கிறீர்கள் என்று வழியில் கேட்டேன். அவர் யோசித்தார். "சும்மா மேல போயி ஒரு ரவுண்டு அடிச்சிட்டு எறங்கினா பெட்ரோலுக்கு மரியாத இல்லலா," என்றார். சத்தம் போட்டு விளம்பரம் செய்யும் எவ்வளவோ பேரை நான் அறிவேன். இந்த மனிதர் கடையின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தை மனைவியிடம் விட்டுவிட்டு ஒரு மலைத்தொடரைத் தாண்டிக்கொண்டிருந்தார். சாயங்கால டீக்குக் கடையில் இருக்க வேண்டும் என்பதுதான் அவருடைய ஒரே கவலை.

பதினொரு மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள், பத்தரைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தோம். டாக்டர் பார்த்தார், அன்றைக்கே வார்டில் சேர்த்தார், அந்த வாரமே ஆபரேஷன் நடந்தது. ஐந்து வாரம் அங்கேயே இருந்துவிட்டு, வந்த வழியே, அதே விமானத்தில் திரும்பினோம். இந்தத் தடவை ஓடுபாதையில் யாரும் எதையும் உடைக்கவில்லை. நான் இறங்குவதற்கு முன்னால் கிராணி என் கால்சட்டைப் பைகள் இரண்டையும் வெளியே இழுத்துக் காட்டச் சொன்னார்.

அந்தத் தேங்காய் பாய் கடையில் கல்லாவுக்கு மேலே இருக்கிறது. ரப்பர் வளையங்களை எடுத்துவிட்டுப் பசை போட்டு ஒட்டி வைத்திருக்கிறார். பருப்பு சுருங்கிவிட்டது, ஓடு அப்படியே நிற்கிறது. யார் கேட்டாலும் கதையைச் சொல்லி, "அந்தா அவருதான்" என்று என்னைக் காட்டுகிறார். எனக்கு அந்தக் கடையில் இப்போதும் குழம்பு கூடுதலாகக் கிடைக்கிறது. சட்னியில் தேங்காய் போதுமா என்று மட்டும் தனியாக விசாரிப்பார்.

வீட்டில் இன்னும் மோசம். யார் வீட்டில் விசேஷம் என்றாலும் தேங்காய் உடைந்ததும் எல்லாரும் சாமியைப் பார்க்க மாட்டார்கள், என்னைப் பார்ப்பார்கள். போன மாதம் மாமா வேறு லோரி மாற்றினார். அதற்குத் தேங்காய் உடைத்தோம். வாசலின் அந்தக் கடைசியில் நாற்காலியில் உட்கார்ந்திருந்த அக்கா, "தம்பி, அங்கியே நில்லு" என்றாள். எழுந்தாள். யாரையும் பிடிக்காமல் நடந்து வந்தாள். இரண்டு காலிலும் செருப்பு இருந்தது. இடது செருப்பில் ஒரு கல் மாட்டியது போலிருக்கிறது, நடுவில் நின்று காலை உதறிவிட்டு வந்தாள். நேராக வந்து என் பைக்குள் கை விட்டாள்.

சில்லு இருந்தது. ஒவ்வொரு தடவையும் இருக்கும். அந்த ஒரு விஷயத்தில் இந்தப் பாதுகாப்பு அதிகாரி மிகவும் கவனமானவன். தேங்காய் உடைந்ததுமே ஒரு சில்லு என் பைக்குள் போய்விட்டதா என்று தொட்டுப் பார்த்துக்கொள்வேன். அவள் அவ்வளவு தூரம் எழுந்து நடந்து வருகிறாள், வெறும் பையைக் காட்டினால் நன்றாகவா இருக்கும்?